கொஞ்சம் தள்ளி நில்லுங்க

களமருதூர்
24.9.2023

சம்பந்தி பெரியம்மாள் அவர்களுக்குக் களமருதூர் அமிர்தம் எழுதுவது.

இங்கே எல்லாரும் நன்றாக இருக்கிறோம். நீங்கள் கோபமாக இருப்பதாகக் கேள்வி. கோபமாக இருக்கத் தெம்பு வேண்டும், அதனால் உங்கள் உடம்பும் நன்றாகத்தான் இருக்கும் என்று எடுத்துக்கொண்டேன்.

போன் போட்டுப் பார்த்தேன். ஒரு தடவை அடித்து ஓய்ந்தது. அடுத்த தடவை நீங்களே எடுத்து, "யாரு?" என்று கேட்டு, என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டீர்கள். அதற்கடுத்து என் மகள் கண்ணகி எடுத்து, "மலையில டவரு இல்லம்மா" என்றாள். டவர் இல்லாத போனில் அவள் குரல் மட்டும் எப்படி வந்தது என்று நான் கேட்கவில்லை. மாமியாருக்கும் பெற்ற தாய்க்கும் நடுவில் மாட்டிக்கொண்டவளை நான் எதற்கு இம்சைப்படுத்த வேண்டும்? அதனால்தான் காகிதம். போனை வைத்துவிடலாம். காகிதத்தைப் படிக்காமல் வைக்க உங்களால் முடியாது. எட்டாவது படித்தவர் நீங்கள்.

நம் பேத்தி ஷாலினிக்கு ஆவணியில் உங்கள் வீட்டில் பூ வைத்தார்களே, அன்றைக்கு நான் எடுத்த படங்கள் சென்னையில் கழுவி வந்துவிட்டன. உங்களுக்கும் ஒரு கட்டு அனுப்பியதாகச் சென்னையிலிருந்து ஷாலினி சொன்னாள். எப்படி இருக்கின்றன? நான் எதிர்பார்க்கவே இல்லை. ஐந்தாவதோடு நின்ற அமிர்தம் எடுத்த படமா இது என்று ஊரே கேட்கிறது. ஊர் என்றால் நான் போய்க் காட்டிய வீடுகள். ஒரு வீடு விடவில்லை.

அந்தக் காமிராவைப் பற்றி உங்களுக்குச் சொல்ல நேரமே கிடைக்கவில்லை. ஷாலினி வாங்கியது, ரஷ்யாக்காரன் செய்த பழைய பெட்டி. பெரிய பெயர் எடுத்த காமிராக்களை வாங்க வேண்டுமானால் நிலத்தை விற்க வேண்டுமாம், இது ஒரு வெள்ளாட்டு விலைக்குள் முடிந்ததாம். பேட்டரி கிடையாது. கண்ணை வைத்துப் பார்த்தால் நடுவில் மஞ்சளாக ஒரு கட்டம். அந்தக் கட்டத்துக்குள் ஆள் இரண்டாகத் தெரிவார். வளையத்தைத் திருப்பத் திருப்ப இரண்டும் ஒன்றையொன்று நெருங்கி வரும். சேர்ந்து ஒரே ஆளாகும் இடத்தில் நிறுத்தினால் படம் தெளிவு. கண்புரை எடுப்பதற்கு முன்னால் எனக்கு உலகமே அப்படித்தான் தெரிந்தது என்பதால் சட்டென்று பிடிபட்டுவிட்டது. வெயிலுக்கு எங்கே வைக்க வேண்டும், நிழலுக்கு எங்கே வைக்க வேண்டும் என்று ஷாலினி நகப்பாலீஷால் சிவப்புப் பொட்டு வைத்துக் கொடுத்திருக்கிறாள்.

மணப்பெண் பட்டுக் கட்டி உட்கார்ந்திருக்கும்போது அவளே படம் எடுக்க முடியாதே. "ஆயா, மத்தவங்க கையில குடுத்தா போனை நோண்டிக்கினே காமிராவ கீழ போட்டுடுவாங்க. நீதான் சொன்னதக் கேப்ப" என்று என் கையில் கொடுத்தாள். கல்யாணம் வரைக்கும் என்னிடமே இருக்கட்டும் என்றும் சொல்லிவிட்டாள்.

உங்கள் கோபம் என்ன என்று எழுதுங்கள். தையில் கல்யாணம். மலையில் உறவெல்லாம் வந்து இறங்க முடியாது என்று இங்கே என் வீட்டில்தான் நலங்கு. உங்கள் வழக்கப்படி முதல் மஞ்சள் அப்பாவைப் பெற்ற ஆயா கையால்தான் வைக்க வேண்டும். அது நீங்கள்தான். நினைவிருக்கட்டும்.

அமிர்தம்

---

வெள்ளிமலை
3.10.2023

சம்பந்தி அம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. எட்டாவது படித்ததால் படித்தேன்.

படங்களும் கிடைத்தன. எல்லாரையும் அழகாக எடுத்திருக்கிறீர்கள். ஷாலினி விளக்கு மாதிரி இருக்கிறாள். மாப்பிள்ளை தமிழழகன் ராஜா மாதிரி இருக்கிறார். மாப்பிள்ளையின் அத்தை, முன்பின் பார்க்காதவர், அவர்கூட லட்சணமாக இருக்கிறார். வலது கைப்பக்கம் கடைசியாகக் கரண்டியோடு நிற்பது யார் என்று நானே கொஞ்ச நேரம் யோசித்தேன். புடவையை வைத்துத்தான் என்னை அடையாளம் கண்டேன்.

என் மூக்கு சின்னசேலம் போகிறது. காது கச்சிராயபாளையம் போகிறது. தலை, அமாவாசைக்குத் தெருவில் உடைக்கிற பூசணிக்காய் மாதிரி. கையில் இருப்பது பாயசக் கரண்டி என்று எனக்குத் தெரியும். பார்க்கிறவர்களுக்குப் படகு துடுப்பு.

நான் ஒல்லி என்பது உங்களுக்குத் தெரியும். என் ஜாக்கெட்டை இருபது வருடமாகப் பிரித்துத் தைத்ததில்லை. உளுந்தூர்பேட்டையில் மாப்பிள்ளை வீட்டில் இந்தப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு அந்த அத்தை, "இது யாரு, சமையலுக்கு வந்தவங்களா?" என்று கேட்டதாம். மருமகள் என்னிடம் மறைத்தாள். ஆனால் சிரித்துக்கொண்டே மறைத்தாள்.

கல்யாணம் நல்லபடியாக நடக்கட்டும். நான் இங்கிருந்தே கும்பிட்டுக்கொள்கிறேன். முதல் மஞ்சளை வேறு யாராவது வைக்கட்டும். சமையலுக்கு வந்தவர்கள் கையால் வேண்டாம்.

இங்கே மழை. மிளகுக் கொடி நன்றாகப் பிடித்திருக்கிறது.

பெரியம்மாள்

---

களமருதூர்
12.10.2023

சம்பந்தி அம்மாவுக்கு,

அநியாயம் பேசாதீர்கள். உங்களை நான் பூசணிக்காய் ஆக்கவில்லை. லென்ஸ் ஆக்கியது.

அது வைடு லென்ஸ். உங்கள் கூடத்தில் அத்தனை பேரை நிற்க வைத்துவிட்டு நான் பின்னால் போக இடம் ஏது? முதுகுக்குப் பின்னால் பீரோ. அந்த மாதிரி சின்ன இடத்தில் எல்லாரையும் அடைக்கத்தான் இந்த லென்ஸ். காமிராவின் சொந்தக் கண்ணாடியில் அவ்வளவு அகலம் தெரியாது என்று தலைமேல் தனியாக ஒரு குட்டிக் கண்ணாடியைச் செருகியிருக்கிறாள் ஷாலினி. கீழ்க்கண்ணாடியில் பார்த்து இரண்டை ஒன்றாக்க வேண்டும், பிறகு மேல்கண்ணாடியில் பார்த்து யார் உள்ளே, யார் வெளியே என்று முடிவு செய்ய வேண்டும். அந்த லென்ஸுக்கு ஒரு குணம். நடுவில் இருப்பதை உள்ளபடி காட்டும். ஓரத்தில் இருப்பதை ஜவ்வு மிட்டாய் மாதிரி இழுத்துவிடும். யாராக இருந்தாலும் சரி, மந்திரி வந்து நின்றாலும் இழுத்துவிடும்.

வெறும் வார்த்தையாகச் சொன்னால் நம்பமாட்டீர்கள் என்று செய்தே பார்த்தேன். என் வீட்டு வாசலில் ஒரு பூசணிக்காயை நடுவில் வைத்து ஒன்று எடுத்தேன். அதே பூசணிக்காயை ஓரத்துக்கு உருட்டி இன்னொன்று எடுத்தேன். அதைக் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த என் தம்பி ராஜாங்கம், "இன்னாக்கா, மனுசனுக்கு வழியக் காணோம், பூசணிக்காய்க்குப் போட்டா எடுத்துக்கினு இருக்க?" என்றான். "அப்ப நீ வந்து நில்லு" என்று அவனையும் ஓரத்தில் நிறுத்தி எடுத்தேன். அவன் வளர்க்கும் கிடாயையும் எடுத்தேன். கிடாய் மட்டும்தான் அசையாமல் நின்றது.

படங்கள் இத்துடன் இருக்கின்றன. பூசணிக்காய் ஓரத்தில் சுரைக்காய் ஆகியிருக்கிறது பாருங்கள். ராஜாங்கத்தின் காலைப் பாருங்கள், ஒன்று பனைமரம், ஒன்று பப்பாளி மரம். அவன் கோபித்துக்கொண்டானா? "நல்லாத்தான் இருக்குது, உயரமா இருக்கேன்" என்று இன்னொரு பிரதி கேட்கிறான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உங்களை ஓரத்தில் நான் நிறுத்தவில்லை. எல்லாரும் நின்றாகிவிட்டது, நான் இரண்டை ஒன்றாக்கிக்கொண்டிருக்கிறேன், அப்போதுதான் அடுப்படியிலிருந்து கரண்டியோடு நீங்களே வந்து கடைசியில் சேர்ந்துகொண்டீர்கள். ஷாலினியின் தலையில் அடித்துச் சத்தியம் செய்கிறேன். இல்லை, தலையில் சத்தியம் வேண்டாம், கல்யாணப் பெண். கண்ணகியைக் கேளுங்கள்.

இப்போது சொல்லுங்கள். இது என் குற்றமா, ரஷ்யாக்காரன் குற்றமா?

அமிர்தம்

பின்குறிப்பு: அந்தப் பூசணிக்காயைச் சாம்பார் வைத்துவிட்டோம். நன்றாக இருந்தது.

---

வெள்ளிமலை
25.10.2023

சம்பந்தி அம்மாவுக்கு,

பூசணிக்காயைப் பார்த்தேன். உங்கள் தம்பி காலையும் பார்த்தேன். லென்ஸின் குணம் புரிந்தது. ஒத்துக்கொள்கிறேன், மூக்கு சின்னசேலம் போனது உங்களால் இல்லை.

ஆனால் என் கோபம் மூக்குக்காக இல்லை. எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். நீங்கள் பூசணிக்காயை உருட்டி மெனக்கெட்டதைப் பார்த்த பிறகு எழுதாமல் இருந்தால் அது சரியாகாது.

நான் கடைசியாக வந்தேன், உண்மை. பாயசம் அடிப்பிடிக்காமல் இறக்கிவிட்டு வந்தேன். ஷாலினி பக்கத்தில் அவள் எனக்காக இடம் விட்டிருந்தாள். நான் அங்கே போவதற்குள் நீங்கள் அந்தப் பெட்டியிலிருந்து கண்ணை எடுக்காமலே, "கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றீர்கள். தள்ளி நின்றேன். "இன்னும் தள்ளி நில்லுங்க" என்றீர்கள். இன்னும் நகர்ந்தேன். என் முதுகில் கிரைண்டர் இடித்தது.

அது என் வீடு. என் மகன் அன்புச்செல்வன் இந்த மலைப் பள்ளிக்கூடத்துக்கு வாத்தியாராக வந்த நாளிலிருந்து நான் மெழுகிய வீடு. அன்றைக்கு வந்திருந்தவர்கள் நமக்குப் புதுச் சம்பந்தம். அவர்கள் முன்னால், என் பேத்திக்குப் பூ வைக்கிற இடத்தில், என் வீட்டில் என்னைத் தள்ளி நிற்கச் சொன்னீர்கள். அதைக் கேட்டுத்தான் அந்த அத்தை என்னைச் சமையலுக்கு வந்தவள் என்று நினைத்தது. படத்தைப் பார்த்து இல்லை.

ஓரத்தில் நின்றால் இழுக்கும் என்று இப்போது தெரிகிறது. ஓரத்துக்கு அனுப்பியது யார்?

இதற்கும் பூசணிக்காய் வைத்து விளக்கம் எழுத வேண்டாம்.

பெரியம்மாள்

---

களமருதூர்
5.11.2023

சம்பந்தி அம்மாவுக்கு,

விளக்கம் இல்லை.

நான் சொன்னதாக எனக்கு ஞாபகமே இல்லை என்று எழுத உட்கார்ந்தேன். அதற்கு முன்னால் கண்ணகிக்குப் போன் போட்டேன். டவர் இருந்தது. "சொன்னம்மா. ரெண்டு தபா சொன்ன. எங்க அத்த மூஞ்சி அப்பவே சுருங்கிப்போச்சு" என்றாள். "அப்பவே ஏன்டி சொல்லல?" என்றேன். "நீங்க ரெண்டு பேரும் பேசும்போது நான் எப்பம்மா நடுவுல பேசியிருக்கேன்?" என்று கேட்டாள். அதுவும் சரிதான்.

மேல்கண்ணாடியில் நீங்கள் பாதி ஷாலினியை மறைத்தீர்கள். அதைத்தான் பார்த்தேன். உங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. பெட்டி கையில் இருந்த பெருமை, வேறென்ன.

ஷாலினி இந்த லென்ஸைப் பற்றி எனக்குச் சொன்ன முதல் விஷயமே வேறு. "ஆயா, இதுல தள்ளி நின்னா எல்லாரும் எறும்பாட்டம் ஆயிடுவாங்க. கிட்டப் போவணும். கூச்சப்படாம கிட்டப் போ" என்றாள். நானும் போயிருக்க வேண்டும். உங்களையும் கிட்டத்தான் கூப்பிட்டிருக்க வேண்டும். ஒரே வார்த்தைதான், அதையும் மாற்றிச் சொல்லிவிட்டேன்.

தப்புதான் சம்பந்தி. எழுதிக் கொடுத்துவிட்டேன், பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் சண்டைக்கு உதவும்.

தீபாவளி முடிந்து அடுத்த வாரம் கள்ளக்குறிச்சி வந்து மலை பஸ் பிடிக்கிறேன். காமிராவையும் கொண்டுவருகிறேன். உங்களை உங்கள் வீட்டில், நடுக்கூடத்தில் உட்கார வைத்து எடுக்கிறேன். நீங்கள் பேச வேண்டாம். உட்கார்ந்தால் போதும். சோறு போட வேண்டாம். போட்டால் சாப்பிடுவேன்.

அமிர்தம்

---

களமருதூர்
2.12.2023

சம்பந்தி அம்மாவுக்கு,

இந்தக் கடிதத்தை நின்றுகொண்டே எழுதுகிறேன். உட்கார மனசில்லை.

மலையிலிருந்து நல்லபடியாக வந்து சேர்ந்தேன். நீங்கள் என்னோடு பேசவில்லை, சரி. சாமைச் சோறும் குழம்பும் ரசமும் வைத்தீர்கள். "அவங்களுக்கு இன்னும் கொஞ்சம் ரசம் வேணுமான்னு கேளு" என்று பூனையிடம் சொன்னீர்கள். நானும் "போதும்னு சொல்லு" என்று பூனையிடமே சொன்னேன். அந்தப் பூனைக்கு அன்றைக்கு ரொம்ப வேலை. நான் படம் எடுக்கத் தொடங்கியதும் அதையே பார்த்து, "மூடி, மூடி" என்று இரண்டு மூன்று தரம் சொன்னீர்கள். பூனை வாய் வைத்துவிடப் போகிறது என்று பயப்படுகிறீர்கள் என்று நானே எழுந்துபோய்க் குழம்புச் சட்டியை மூடிவிட்டு வந்தேன். அதற்காவது ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். இருக்கட்டும்.

நீங்கள் அரக்குப் பட்டு கட்டிக்கொண்டு வந்து நடுவில் உட்கார்ந்தீர்களே, அதற்கே என் மனசு நிறைந்துபோயிற்று. கிட்ட வந்து எடுத்தேன். மிளகுக் கொடியோடு எடுத்தேன். கண்ணகியோடு எடுத்தேன். நீங்கள் கடைசியில் சிரித்தீர்கள். பேசாத ஆள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. இரண்டும் ஒன்றாகச் சேர்ந்த அந்த இடத்தில் சரியாக அழுத்தினேன். வாழ்நாளில் நான் எடுத்த நல்ல படம் அதுதான் என்று பஸ்ஸில் வரும்போதே நினைத்துக்கொண்டேன். பக்கத்து சீட்டில் இருந்த அம்மாளிடம்கூடச் சொன்னேன்.

ஃபிலிமைச் சென்னைக்கு அனுப்பினோம். நேற்று ஷாலினி போன் செய்தாள். "ஆயா, மூடிய எடுத்தியா?" என்றாள். "எந்த மூடி?" என்றேன். போனில் விட்டு விட்டு ஏதோ சத்தம் வந்தது. டவர் போய்விட்டது என்று நினைத்தேன். அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை.

லென்ஸ் மூடி, சம்பந்தி. பஸ்ஸில் தூசி படுமே என்று கிளம்பும்போது நான்தான் கருத்தாகப் போட்டேன். பிறகு எடுக்கவே இல்லை. இந்தக் காமிராவில் நாம் பார்க்கிற கண்ணாடி வேறு, படம் பிடிக்கிற கண்ணாடி வேறு. போன் மாதிரி இல்லை. படம் பிடிக்கிற கண் மூடியிருந்தாலும் பார்க்கிற நமக்கு எல்லாம் பளிச்சென்று தெரியும். நான் உங்களைத் தெளிவாகப் பார்த்தேன், காமிரா உங்களைப் பார்க்கவே இல்லை. ஃபிலிம் முழுக்க ஒன்றுமில்லை. துடைத்து வைத்த கண்ணாடி மாதிரி இருக்கிறதாம்.

போகட்டும், எல்லாம் போகட்டும். நீங்கள் சிரித்தீர்களே, அதுவும் போயிற்று. அதுதான் ஆறவில்லை.

பேசாத உங்களிடம் மறுபடி மலையேறி வந்து உட்காருங்கள் என்று கேட்க எனக்கு முகம் இல்லை. கல்யாணத்துக்கு வாருங்கள் என்று கேட்கவும் இல்லை. கண்ணகியிடம் சொல்லிவிட்டேன், முதல் மஞ்சளுக்கு யாரைக் கூப்பிடுவது என்று மாப்பிள்ளை அன்புச்செல்வனே முடிவு செய்யட்டும்.

அமிர்தம்

---

வெள்ளிமலை
9.12.2023

சம்பந்தி அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தைக் கண்ணகி எனக்கு உரக்கப் படித்துக் காட்டினாள். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து என்னால் படிக்க முடியவில்லை. அழுதேன் என்று நினைத்துவிடாதீர்கள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர்.

ஒன்று சொல்ல வேண்டும். சொன்னால் நீங்கள் இந்த ஜென்மத்தில் மறக்கமாட்டீர்கள். இருந்தாலும் சொல்கிறேன்.

எனக்குத் தெரியும்.

நீங்கள் காமிராவைத் தூக்கியதுமே பார்த்தேன். லென்ஸின் வாயில் கறுப்பாக மூடி. எட்டாவது படித்தவள், அதுகூடவா தெரியாது? சொல்லிவிடலாம் என்று வாய்வரை வந்தது. ஆனால் உங்களோடு பேசுவதில்லை என்று இருக்கிறேனே. சாப்பாட்டுக்கே பேசாதவள் மூடிக்கு மட்டும் எப்படிப் பேசுவது? அதனால்தான் பூனையிடம் சொன்னேன். "மூடி, மூடி" என்று கண்ணால் உங்கள் காமிராவைக் காட்டிக் காட்டிச் சொன்னேன். நீங்கள் எழுந்துபோய்க் குழம்பை மூடிவிட்டு, பெரிய உதவி செய்த மாதிரி என்னைப் பார்த்தீர்கள். அதற்குமேல் நான் என்ன செய்வேன்?

நீங்கள் எழுதிய அந்தச் சிரிப்பு. படம் விழாது என்று தெரிந்ததால்தான் சிரித்தேன். மூடி இல்லாமல் இருந்திருந்தால் மூஞ்சியை உர்ரென்றுதான் வைத்திருப்பேன். நீங்கள் வளையத்தைத் திருப்புவதும், பின்னால் போவதும், கிட்ட வருவதும், நாக்கைக் கடித்துக்கொண்டு அழுத்துவதும், மூடி போட்ட காமிராவுக்கு அத்தனை சிரத்தை. உங்கள் மேல் எனக்குக் கோபமே நிற்கவில்லை. அதை மறைக்கத்தான் பூனையைத் திட்டினேன்.

ஆனால் நீங்கள் பஸ் ஏறிப் போன பிறகு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. இந்த வயசில் அந்த வளைவுகளில் வாந்தி எடுத்துக்கொண்டு எனக்காக ஏறி வந்தவர். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஃபிலிம் பிழைத்திருக்கும்.

நீங்கள் சொல்லக் கூடாத வார்த்தையைச் சொன்னீர்கள். நான் சொல்ல வேண்டிய வார்த்தையைச் சொல்லவில்லை. யாருக்கு யார் பாக்கி என்று இனிமேல் பார்க்க வேண்டாம்.

முதல் மஞ்சளுக்கு யாரையும் தேட வேண்டாம். மகனிடம் சொல்லிவிட்டேன். இங்கே விளைந்த மஞ்சளை நானே இடித்துக் கொண்டுவருகிறேன். கடை மஞ்சளை என் பேத்தி கன்னத்தில் வைக்க விடமாட்டேன்.

காமிராவை நீங்களே எடுங்கள். மூடி என் பொறுப்பு.

பெரியம்மாள்

---

களமருதூர்
16.12.2023

சம்பந்திக்கு,

பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்களா! ஒரு ஃபிலிம் முழுக்க! எட்டாவது படித்தவர்களுக்கு மனசில் இவ்வளவு அழுத்தம் என்று தெரிந்திருந்தால் நானும் ஆறாவதுக்குப் போயிருப்பேன்.

ராஜாங்கத்துக்குப் படித்துக் காட்டினேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தான், புரையேறிவிட்டது.

வாருங்கள். பூனையை விட்டுவிட்டு வாருங்கள். இனி அதற்கு வேலை இல்லை.

அமிர்தம்

---

களமருதூர்
25.2.2024

என் சம்பந்திக்கு,

கல்யாணக் களைப்பு இன்னும் கால்களில் இருக்கிறது. உங்களுக்கும் இருக்கும். உறவெல்லாம் கிளம்பிய பிறகு வீடு வெறிச்சென்று இருந்தது. இன்று கூரியரில் படங்கள் வந்தன. முதல் கட்டு உங்களுக்குத்தான். ராஜாங்கம் கேட்டான், கொடுக்கவில்லை.

முதலில் நலங்குப் படத்தைப் பாருங்கள். நீங்கள் ஷாலினியின் கன்னத்தில் மஞ்சள் வைக்கிறீர்கள். நீங்கள் நடுவில் இருக்கிறீர்கள். மூக்கு உங்களிடமே இருக்கிறது, எங்கும் போகவில்லை. கிட்டப் போய் எடுத்தேன், அவ்வளவு கிட்ட, உங்கள் மஞ்சள் என் முந்தானையில் பட்டது. இன்னும் துவைக்கவில்லை. ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் நீங்கள் மணி அடிக்கிற மாதிரி, "மூடி எடுத்தாச்சு, சம்பந்தி!" என்று குரல் கொடுத்தீர்களே, மேளக்காரர்கூட ஒரு தரம் நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். அந்த அத்தை, "இவங்கதான் போட்டாகிராபருக்கு மேனேஜரா?" என்று என்னிடம் கேட்டது. "மணப்பொண்ணோட ஆயா. வூட்டுக்குப் பெரியவங்க" என்றேன். நடுக்கூடத்தில் நின்று, கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். உங்கள் காதில் விழுந்திருக்கும்.

இனி கடைசிப் படம். அதை நான் எடுக்கவில்லை. தாலி கட்டி முடிந்து, மாலை கழுத்தில் இருக்கும்போதே ஷாலினி என் கையிலிருந்து காமிராவைப் பிடுங்கினாள், ஞாபகம் இருக்கிறதா? "நீங்க ரெண்டு பேரும் நில்லுங்க" என்றாள். நான் உங்களை நடுவில் நிறுத்திவிட்டு ஓரமாகப் போனேன். ஆவணிக் கணக்கை நேர்செய்ய வேண்டாமா? திரும்பிப் பார்த்தால் நீங்கள் எனக்கு முன்னாலேயே எதிர் ஓரத்துக்குப் போய் நிற்கிறீர்கள். நடுவில் யாருமே இல்லை.

"இன்னா ஆயா, சண்ட முடியலையா இன்னும்?" என்று அவள் சத்தம் போட்டாள்.

அப்போது நீங்கள் என்னைப் பார்த்துக் கை நீட்டி, "கிட்ட வாங்க சம்பந்தி" என்றீர்கள். அந்தக் கூட்டத்தில், அத்தனை பேர் முன்னால். வந்தேன். "இன்னும் கிட்ட வாங்க" என்றீர்கள். அவளும் மாலையோடு கிட்ட வந்தாள். படத்தின் கீழே பாருங்கள், அவள் மாலையின் பூ இரண்டு மங்கலாக விழுந்திருக்கிறது.

நாம் இரண்டு பேரும் நடுவில் இருக்கிறோம். நீங்கள் சிரிக்கிறீர்கள். இந்தத் தடவை மூடி இல்லாமலே.

ஓரத்தில் ஒருவர் மூக்கு உளுந்தூர்பேட்டை தாண்டிப் போகிறது பாருங்கள். காப்பி டம்ளரோடு யாரும் கூப்பிடாமலே வந்து நிற்கிறான். அவன்தான், ராஜாங்கம். இதிலும் உயரமாக இருக்கிறானாம்.

காமிராவை ஷாலினி எடுத்துக்கொண்டு போகவில்லை. "இது உனக்குத்தான் ஆயா. நான் வேற பார்த்துக்கறேன்" என்று வைத்துவிட்டுப் போய்விட்டாள். ஆனால் பெட்டியில் மூடியைக் காணோம். மண்டபத்தில் விழுந்துவிட்டதோ என்னவோ. தேடச் சொல்லியிருக்கிறேன்.

அமிர்தம்

---

வெள்ளிமலை
4.3.2024

சம்பந்தி,

மண்டபத்தில் தேட வேண்டாம். ஆளைத் திருப்பிக் கூப்பிடுங்கள்.

கடைசிப் படத்தைக் கூடத்தில் மாட்டியாகிவிட்டது, கிரைண்டருக்கு நேர் எதிரே. வருகிறவர்கள் எல்லாரும் நம் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, பிறகு என் இடது கையைப் பார்க்கிறார்கள். "இன்னா ஆயா, கையில கறுப்பா வடையாட்டம் வெச்சுக்கினு இருக்கீங்க?" என்று பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் கேட்கின்றன. நீங்கள் உங்கள் தம்பி மூக்கைப் பார்த்த நேரத்தில் என் கையைப் பார்க்கவில்லை.

மூடி என் இடுப்புச் சுருக்குப் பையில் மலையேறி வந்துவிட்டது. தெரியாமல் வந்ததா, தெரிந்தே வந்ததா என்று கேட்காதீர்கள். பூனையைக் கேளுங்கள், அதற்குத் தெரியும்.

தபாலில் அனுப்பலாம் என்று கண்ணகி சொல்கிறாள். அனுப்பமாட்டேன். மூடி என் பொறுப்பு என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். மூடி இல்லாமல் லென்ஸில் தூசி படும் என்று உங்களுக்குத் தெரியும். சித்திரையில் பலா பழுக்கிறது. மலை பஸ் ஓடுகிறது.

நீங்கள் வந்தால் ஒரு படம் நான் எடுக்க வேண்டும். வளையம், பொட்டு, இரண்டை ஒன்றாக்குவது எல்லாம் பார்த்து வைத்திருக்கிறேன். நீங்கள் கூடத்தில் நில்லுங்கள். நான் கண்ணை எடுக்காமல் சொல்வேன்.

"சம்பந்தி, கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

பெரியம்மாள்